தேர் நாளுக்கு முன்னால் போட்ட வேட்டு: கர்ப்பகாலத் தொற்றும் குறைப்பிரசவமும்

மகப்பேறு மருத்துவமனை லேபில் சிறுநீர் பாட்டில்களோடு பல வருஷம் கழித்தவள் நான். ஜன்னல் வழியே பாட்டிலை நீட்டும்போதே பாதிப் பேர் ஒரு விளக்கத்தையும் சேர்த்து நீட்டுவார்கள். "லேசா எரிச்சல் இருக்குக்கா, சூடுதான்." கூட வந்த மாமியார் விடமாட்டார். "வெந்தயம் ஊறப்போட்டுக் குடுத்திருக்கேன், இளநியும் வாங்கிக் குடுத்தாச்சு, சரியாயிரும்."

ஏழாம் மாதத்தில் அப்படிச் சொல்லிவிட்டுப் போன ஒரு பெண், பத்து நாள் கழித்துக் குளிர்காய்ச்சலும் விலா வலியுமாக ஸ்ட்ரெச்சரில் வந்தாள். குழந்தை 31 வாரத்தில் பிறந்தது. வீட்டில் எல்லோரும் மாடிப்படியைக் குறை சொன்னார்கள், அவள் ஏறி இறங்கியதால்தான் என்று. அவளுடைய சிறுநீர்ப் பரிசோதனை முடிவோ எங்கள் தட்டிலேயே வாங்க ஆளில்லாமல் கிடந்தது. கிருமி இருக்கிறது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. ஒரு போன் பண்ணியிருக்கலாம். நாங்களும் பண்ணவில்லை.

சூடு, கண்ணேறு, பப்பாளி, மாடிப்படி என்று ஒரு பக்கம் பேசுகிறார்கள். இன்னொரு பக்கம், கொஞ்சம் படித்தவர்கள், "கிருமி போய்க் குழந்தையை வெளியே தள்ளிவிடும், அதனால் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்" என்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. உள்ளே என்னதான் நடக்கிறது என்று நிதானமாகப் பார்ப்போம்.

எத்தனை வாரத்தில் பிறந்தால் குறை?

பத்து மாதம் சுமந்தேன் என்று அம்மாக்கள் சொல்வதும் ஒன்பது மாதம் என்று காலண்டர் சொல்வதும் ஒரே கணக்குதான். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள். அதை 28 நாள் மாதமாக எண்ணினால் பத்து. காலண்டர் மாதமாக எண்ணினால் ஒன்பதும் சில நாட்களும். இந்தக் குழப்பமே வேண்டாமென்று மருத்துவர்கள் வாரத்தில் பேசுகிறார்கள். மொத்தம் 40 வாரம். 37 வாரம் முடியுமுன் குழந்தை பிறந்தால் அது குறைப்பிரசவம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2020ஆம் ஆண்டு மட்டும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிக் குறைமாதத்தில் பிறந்தன. பத்துக் குழந்தைக்கு ஒன்று. எண்ணிக்கையில் முதலிடம் இந்தியாவுக்கு.

"ஏழில் பிறந்தாலும் பிழைக்கும், எட்டில் பிறந்தால் பிழைக்காது" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உண்மை நேர் எதிர். ஒவ்வொரு வாரம் கூடும்போதும் நுரையீரல் முதிர்கிறது, பிழைக்கும் வாய்ப்பு ஏறுகிறது. எட்டாம் மாதம் எப்போதும் ஏழாம் மாதத்தைவிட மேல்.

குறைப்பிரசவத்துக்குக் காரணம் பல. இரட்டைக் குழந்தை, ரத்தக்கொதிப்பு, கருப்பை வாய் குட்டையாக இருப்பது, முந்தைய பிரசவத்துக்கும் இதற்கும் இடைவெளி மிகக் குறைவாக இருப்பது, புகைப்பழக்கம். எந்தக் காரணமும் பிடிபடாமல் போவதும் உண்டு. மொத்தக் குறைப்பிரசவங்களில் தொற்றின் பங்கு கால்வாசியிலிருந்து 40 சதவீதம் வரை இருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். குழந்தை எவ்வளவு சீக்கிரம் பிறக்கிறதோ அவ்வளவுக்குத் தொற்றின் மேல் சந்தேகம் கூடுகிறது. 36 வாரத்தில் பிறந்தால் தொற்று காரணமாக இருக்கும் வாய்ப்பு குறைவு; 26 வாரத்தில் பிறந்தால் அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

தயிரும் தாழ்ப்பாளும்

பாலை வெளியில் வைத்தால் கெட்டுப்போகிறது. அதே பாலை உறை ஊற்றித் தயிராக்கிவிட்டால் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. தயிரில் பாக்டீரியா இல்லாமலா? கோடிக்கணக்கில் இருக்கிறது. பாக்டீரியா என்பது கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர். அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. தயிரில் இருக்கும் நல்ல பாக்டீரியா பாலின் சர்க்கரையைத் தின்று புளிப்பை உண்டாக்குகிறது. அந்தப் புளிப்பில் மற்றவை தலையெடுக்க முடிவதில்லை.

பெண்ணுறுப்பின் உட்பாதையான யோனியிலும் இதே ஏற்பாடுதான். தயிர்க்காரக் குடும்பத்தைச் சேர்ந்த லாக்டோபேசில்லஸ் அங்கே குடியிருந்து, கிட்டத்தட்டத் தயிரின் அளவுக்கே புளிப்பை வைத்திருக்கிறது. சிலர் சுத்தம் என்று நினைத்துக் கிருமிநாசினி கலந்த தண்ணீரை உள்ளே விட்டுக் கழுவுகிறார்கள். நல்ல தயிரில் சோப்புத் தண்ணீர் ஊற்றுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வெளிப்புறம் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.

இது முதல் காவல். இரண்டாவது, கருப்பை வாய்: கருப்பையின் அடிப்பக்கத்தில் இருக்கும் குறுகலான கழுத்து. கர்ப்பத்தில் அது இறுக மூடிக்கொள்ளும். நடுவில் கெட்டியான கோழை வந்து அடைத்துக்கொள்ளும். அந்தக் கோழை வெறும் அடைப்பு மட்டுமில்லை, கிருமியைக் கொல்லும் புரதங்களும் அதில் இருக்கின்றன. மூன்றாவது, பனிக்குடம்: குழந்தையையும் அது மிதக்கும் பனிநீரையும் சுற்றியிருக்கும் சவ்வுப் பை. மெல்லியதாகத் தெரிந்தாலும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் அதற்குள் பாய் முடைந்ததுபோல் ஓடுவதால் லேசில் கிழியாது.

ஏறி வரும் கிருமி

புளிப்பு குறைந்தால் என்ன ஆகும்? லாக்டோபேசில்லஸ் கூட்டம் மெலிந்து, வேறு பல பாக்டீரியாக்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இதற்குப் பாக்டீரியல் வஜைனோசிஸ் என்று பெயர். சாம்பல் வெள்ளையில் நீர்த்த வெள்ளைப்படுதலும் மீன் நாற்றமும் இதன் அடையாளம். பலருக்கு எந்த அடையாளமும் இருக்காது. கர்ப்பத்தில் வெள்ளைப்படுவது கொஞ்சம் கூடுவது இயல்புதான். நாற்றம், அரிப்பு, நிறமாற்றம் இருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

கீழே பெருகிய கிருமியில் சில, கருப்பை வாயைத் தாண்டி மேலே ஏறுகின்றன. முதலில் பனிக்குடச் சவ்வுக்கும் கருப்பைச் சுவருக்கும் நடுவில் தங்கும். அப்புறம் சவ்வுக்குள்ளும், சில சமயம் பனிநீருக்குள்ளும் போகும். அங்கே குழந்தை அந்த நீரை விழுங்குகிறது, நுரையீரலுக்குள் இழுக்கிறது.

பனிநீரில் அடிக்கடி அகப்படுவது யூரியாபிளாஸ்மா, மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியாக்கள். இவற்றுக்குச் செல்சுவரே கிடையாது. சுவரை உடைத்தே வேலை செய்யும் பெனிசிலின் வகை மருந்து அதனால் இவற்றிடம் பலிக்காது. எங்கள் லேபில் தினமும் பயன்படுத்தும் தட்டில் இவை வளரவும் வளராது. ரிப்போர்ட்டில் "கிருமி வளரவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடும்போது எனக்கு இது சில நேரம் உறுத்தும். இவை பல வாரம் காய்ச்சல்கூட இல்லாமல் உள்ளே இருக்கக்கூடியவை.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: கீழே புளிப்பு, நடுவில் தாழ்ப்பாள், மேலே பை. இந்த மூன்றையும் தாண்டிய கிருமிதான் சிக்கல். அது பெரும்பாலும் கீழிருந்து மேலே, மெதுவாக, சத்தமில்லாமல் ஏறுகிறது.

வேட்டு, வடம், தேர்

இனிதான் முக்கியமான இடம். கிருமிக்குக் கை கால் கிடையாது. குழந்தையை அது எப்படி வெளியே தள்ளும்?

தேர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். தேர் நிலையில் நிற்கிறது. வடம் தரையில் கிடக்கிறது. ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள். அதிர்வேட்டு போட்டதும்தான் எல்லோரும் வடத்தைப் பிடித்து இழுப்பார்கள். வேட்டைப் போட்டது யார், எதற்காக என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. சத்தம் கேட்டது, இழுக்க வேண்டியதுதான்.

நிறைமாதத்தில் உடம்பு தானே அந்த வேட்டைப் போடுகிறது. வேட்டின் பெயர் புரோஸ்டாகிளாண்டின். கருப்பைத் தசையைச் சுருங்கவைத்து, கருப்பை வாயை இளக்கும் ரசாயனம் அது. மாதவிடாய் நாட்களில் அடிவயிற்றைப் பிடித்துப் பிழிகிறதே, அந்த வலிக்கும் இதுதான் காரணம். நாள் தள்ளிப்போனவர்களுக்கு வலி வரவைக்க மருத்துவமனையில் ஜெல் வைக்கிறார்களே, அந்த ஜெல்லும் இதே சரக்குதான்.

இப்போது 28ஆம் வாரத்தில் பனிக்குடத்தின் ஓரத்தில் கிருமி வந்து உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். அங்கிருக்கும் காவல் செல்கள் அதன் மேற்பூச்சைத் தொட்டதுமே அந்நியன் என்று கண்டுகொள்கின்றன. உடனே சைட்டோகைன்களை விடுகின்றன. செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் அவசரத் தகவல் புரதங்கள்தான் சைட்டோகைன்கள். தகவல் கேட்டு வெள்ளையணுக்கள் ஓடி வருகின்றன, அந்த இடம் வீங்கிக் கொதிக்கிறது. முள் குத்திய விரல் சிவந்து வீங்குவதைப் பார்த்திருப்போம். அதற்கு அழற்சி என்று பெயர்.

விரலில் அழற்சி வந்தால் வீங்குவதோடு போய்விடும். கருப்பையில் அது இரண்டு வேலை செய்துவிடுகிறது. ஒன்று, சைட்டோகைன்கள் புரோஸ்டாகிளாண்டினைச் சுரக்கவைக்கின்றன. அதாவது திருட்டுப் பயலைப் பார்த்துப் பதறிய காவல்காரரே நாள் தெரியாமல் வேட்டைப் போட்டுவிடுகிறார்; கூட்டம் வடத்தை இழுக்கத் தொடங்குகிறது. இரண்டு, ஓடி வந்த வெள்ளையணுக்களும் சுற்றியுள்ள செல்களும் விடும் நொதிகள், பனிக்குடத்தில் பாய்போல் முடைந்திருக்கும் கொலாஜனை அறுக்கின்றன. பை நைந்து, வலி வருமுன்பே நீர் உடைந்துவிடுகிறது.

குழந்தையை அனுப்புவது தாயின் உடம்பு. கிருமி அதைப் பதறவைத்ததோடு சரி. கருப்பைக்குள் சீழ் பிடித்தால் தாயின் உயிருக்கே ஆபத்து என்பதால், தொற்று வந்த கருப்பையைக் காலிசெய்வது தற்காப்பாகவே உருவாகியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். யாருடைய தவறும் இல்லை. மாடிப்படியின் தவறும் இல்லை.

கீழிருந்து ஏறும் வழியைத் தவிர ரத்தம் வழியாகவும் கிருமி வரலாம். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா கிருமி கலந்த உணவில் இருந்து வரும். ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும் என்பது அதன் விசேஷம். 1985இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் மென்மையான பாலாடைக்கட்டியால் இது பரவியபோது பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கர்ப்பிணிகளும் அவர்களுடைய சிசுக்களும். நமக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது: பாலைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம், ஃபிரிட்ஜில் நாள்கணக்கில் இருந்ததைச் சூடுபண்ணாமல் சாப்பிட வேண்டாம். சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயும் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையை எட்டும். முதல் செக்கப்பிலேயே விடிஆர்எல் ரத்தப் பரிசோதனை எடுப்பது அதற்காகத்தான். பெனிசிலின் ஊசி போட்டால் குணமாகிவிடும்.

எரிச்சலே இல்லாத சிறுநீர்த் தொற்று

என் வேலைக்கு வருகிறேன். நூறு கர்ப்பிணிகளில் 2 முதல் 10 பேருக்குச் சிறுநீரில் கிருமி பெருகியிருக்கும், ஆனால் எரிச்சல், கடுப்பு எதுவும் இருக்காது. அறிகுறியில்லாத சிறுநீர்த் தொற்று என்று இதைச் சொல்வோம். கர்ப்பம் இல்லாதவருக்கு இருந்தால் பெரும்பாலும் மருந்தே வேண்டாம். கர்ப்பிணிக்கு மட்டும் கட்டாயம் பார்க்கிறோம்.

ஏனென்றால் கர்ப்ப ஹார்மோன், சிறுநீரகத்திலிருந்து சிறுநீரை இறக்கும் குழாயின் தசையைத் தளர்த்திவிடுகிறது. வளரும் கருப்பை வேறு அதை அழுத்துகிறது, வலப்பக்கம் அதிகமாக. ஓடாத வாய்க்காலில் பாசி பிடிப்பதுபோல், தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகி மேலே ஏறுகிறது. கவனிக்காமல் விட்டால் இவர்களில் நாலில் ஒருவர்வரை சிறுநீரகத் தொற்றில் போய் நிற்கக்கூடும். குளிர்நடுக்கம், காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி. கிருமி கருப்பைக்குள் போகாமலே, ரத்தத்தில் பாயும் அந்த அவசரத் தகவல்கள் கருப்பையை உசுப்பிவிடலாம். ஸ்ட்ரெச்சரில் வந்த பெண்ணுக்கு நடந்தது அதுதான்.

கண்டுபிடிப்பது எளிது. முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்வோம். முதல் தாரையில் தோலில் உள்ள கிருமி கலந்துவரும், அதை எண்ணிப் பயனில்லை. பாட்டில் வந்ததும் ஒரு சின்ன வளையக் கம்பியை அதில் தொட்டு எடுப்போம். வளையத்தில் நிற்பது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதை ஊட்டச்சத்துள்ள தட்டில் கோலம் இழுப்பதுபோல் இழுத்து, 37 டிகிரி சூட்டில் ராத்திரி முழுக்க வைத்துவிட்டுப் போவோம். காலையில் வந்து மூடியைத் திறந்தால், ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியா இருந்தால் இளஞ்சிவப்புப் பொட்டுகள் வரிசையாக நிற்கும். சிறுநீர்த் தொற்றில் அதுதான் அதிகம். வளையம் எடுத்தது ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதால் 100 பொட்டு இருந்தால் ஒரு மில்லிக்கு 1 லட்சம் கிருமி என்று கணக்கு. அந்த லட்சம்தான் எல்லைக்கோடு. அந்தப் பொட்டிலிருந்து எடுத்து இன்னொரு தட்டில் வளர்த்து, எந்த மருந்துக்குக் கிருமி சாகிறது என்றும் பார்த்துச் சொல்லிவிடுவோம்.

செக்கப்பில் குச்சியை நனைத்துப் பார்க்கிறார்களே, அது புரதம், சர்க்கரை போன்றவற்றுக்கு. கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் வேறு. கர்ப்பத்தில் ஒரு முறையாவது கல்ச்சர் எடுத்தார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இளநீரும் வெந்தயமும் குடிக்கலாம், தப்பில்லை. தண்ணீர் உள்ளே போவது நல்லதுதான். எரிச்சல் குறைந்ததுபோல்கூட இருக்கும். தட்டில் பொட்டுகள் மட்டும் குறையாது.

அப்படியானால் எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்துவிடலாமே?

நியாயமான கேள்வி. மருத்துவர்களும் இதை நம்பித்தான் பெரிய ஆய்வுகளில் இறங்கினார்கள். அதில் மிகப் பெரியது பிரிட்டனை மையமாகக் கொண்டு நடந்த ஆரக்கிள் ஆய்வு. முடிவு 2001இல் வந்தது. பனிக்குடம் உடையாமல், ஆனால் முன்கூட்டியே வலி வந்துவிட்ட 6,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஆன்டிபயாடிக் சோதிக்கப்பட்டது. பிரசவம் தள்ளிப்போகவில்லை. குழந்தைகளுக்கும் நன்மை தெரியவில்லை. அந்தக் குழந்தைகளுக்கு ஏழு வயதானபோது மறுபடி விசாரித்தார்கள். தாய்க்கு எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்ட குழந்தைகளில் மூளைவாதம் (மூளைப் பாதிப்பால் கை கால் அசைவு கட்டுப்படாத குறை) 3.3 சதவீதம், கொடுக்கப்படாதவர்களில் 1.7. நல்லது என்று நினைத்துக் கொடுத்தது கெடுதலில் முடிந்திருக்கிறது.

தேர் கணக்கில் இது புரியும். வடம் இழுபட்டுத் தேர் ஓடத் தொடங்கிய பிறகு, வேட்டு போடவைத்த பயலைப் பிடித்துக் கட்டினாலும் தேர் நிற்காது. மருந்து கிருமியைக் கொல்லும். கிளம்பிவிட்ட அழற்சியை அணைக்காது. அந்தக் கொதிப்புக்குள்ளேயே குழந்தை கூடுதல் நேரம் இருந்ததுதான் மூளையைப் பாதித்ததோ என்பது ஒரு சந்தேகம்.

அதே ஆய்வின் இன்னொரு பகுதி, பனிக்குடம் முன்பே உடைந்தவர்களைப் பற்றியது. அங்கே எரித்ரோமைசின் உதவியது. கதவே இல்லாத வீட்டில் கிருமி இனிமேல்தான் ஏறப்போகிறது என்பதால் அங்கே மருந்துக்கு வேலை இருக்கிறது. ஆகவே "அவளுக்குக் கொடுத்தார்கள், எனக்கு ஏன் கொடுக்கவில்லை" என்று வார்டில் சண்டை போட வேண்டாம். இருவர் நிலைமையும் வேறு.

வஜைனோசிஸிலும் ஏமாற்றம்தான். அது உள்ளவர்களுக்குக் குறைப்பிரசவம் அதிகம் என்பது தெரியும். ஆனால் ஆபத்துக் காரணம் வேறெதுவும் இல்லாத பெண்களைத் தேடிப்பிடித்து மருந்து கொடுத்துப் பார்த்த பிரான்ஸ் ஆய்வில், 2018இல், குறைப்பிரசவம் குறையவில்லை. நாற்றமோ தொந்தரவோ இருந்தால் சிகிச்சை எடுக்க வேண்டும். எல்லோருக்கும் அள்ளிக் கொடுப்பதில் பலன் இல்லை. ஈறு நோயும் அப்படியே. ஈறு வீங்கியவர்களுக்குக் குறைப்பிரசவம் அதிகம் என்று 1996இல் கவனித்தார்கள். 2006இல் 800க்கும் மேற்பட்ட அமெரிக்கக் கர்ப்பிணிகளில் ஒரு பாதிக்குக் கர்ப்பத்திலேயே ஈறுச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். ஈறு தேறியது, குறைப்பிரசவம் அப்படியே இருந்தது. இரண்டு சங்கதி சேர்ந்து காணப்பட்டால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடாது.

சுருக்கமாக: கிருமி கீழே இருக்கும்போதே, இன்ன இடத்தில் இன்ன கிருமி என்று தெரிந்து கொடுக்கும் மருந்து பலன் தரும். வலி தொடங்கிய பிறகு கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பது தராது. மெடிக்கலில் நீங்களே சொல்லி வாங்குவது இரண்டிலும் சேர்த்தியில்லை. டாக்சிசைக்ளின் போன்ற சில ஆன்டிபயாடிக் கர்ப்பத்தில் ஆகவே ஆகாது.

தேருக்கு முட்டுக்கட்டை

வலி வந்தேவிட்டால் எதுவும் செய்ய முடியாதா? முடியும். ஓடும் தேரின் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுவார்களே, அதுபோல் கருப்பைத் தசையைத் தளர்த்தும் மருந்துகள் உண்டு. நிஃபெடிபின் என்ற ரத்தக்கொதிப்பு மாத்திரை அதில் ஒன்று. தேரை நிலைக்குத் திருப்பிக் கொண்டுபோக அதற்கு முடியாது. இரண்டு நாள் நிறுத்திவைக்கும்.

அந்த இரண்டு நாள் எதற்கு? குழந்தையின் நுரையீரலுக்கு. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரகாம் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் ஆடுகளில் பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுக்கப்பட்ட ஒரு குட்டி, நுரையீரல் வேலை செய்யவே முடியாத காலத்தில் பிறந்தும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மருத்துவர் ராஸ் ஹவீயோடு சேர்ந்து தாய்மார்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பார்த்து 1972இல் முடிவை வெளியிட்டார். இன்று நம் அரசு மருத்துவமனைகளில் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு முறை டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடுவது அந்த ஆட்டுக்குட்டியின் புண்ணியம்.

ஒரு நேரத்தில் மட்டும் முட்டுக்கட்டையை வேண்டுமென்றே போடமாட்டார்கள். தாய்க்குக் காய்ச்சலும் பனிநீரில் நாற்றமுமாகத் தொற்று உள்ளே முற்றிவிட்டது என்று தெரிந்தால், ஆன்டிபயாடிக்கைத் தொடங்கிக் குழந்தையை எடுத்துவிடுவதுதான் இருவருக்கும் நல்லது.

எப்போது கிளம்ப வேண்டும்

சொட்டுச் சொட்டாகவோ மளமளவென்றோ நீர் கசிந்தால். ரத்தம் பட்டால். 37 வாரத்துக்கு முன் வயிறு கல்போல் இறுகி இறுகி விடுவது ஒரு ஒழுங்கில் வந்தால், அடிமுதுகில் விட்டுவிட்டு வலித்தால். காய்ச்சலோடு குளிர்நடுக்கம் வந்தால். குழந்தையின் அசைவு குறைந்தால். இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். சிறுநீர் எரிச்சலும் நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் அவ்வளவு அவசரமில்லை. ஆனால் அடுத்த மாதச் செக்கப்வரை தள்ள வேண்டாம், ஓரிரு நாளில் காட்டிவிடுங்கள்.

மாத்திரை கொடுத்தால் எரிச்சல் மூன்றாம் நாளே போய்விடும். அத்தோடு மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். சொன்ன நாள்வரை முடித்துவிட்டு, அப்புறம் இன்னொரு பாட்டில் சிறுநீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அந்த இரண்டாவது தட்டு வெறுமையாக இருந்தால்தான் கணக்கு முடிந்தது.

என் ஜன்னலில் இப்போது பாட்டில் வாங்கும்போது பெயர், வயது, எத்தனையாவது வாரம் என்பதோடு போன் நம்பரையும் லேபிளில் எழுதச் சொல்கிறேன். "எதுக்குக்கா நம்பரெல்லாம்?" என்று கேட்கிறார்கள். தட்டில் பொட்டு நின்றால் கூப்பிடுவேன் என்கிறேன். போன வாரம் இரண்டு பேரைக் கூப்பிட்டேன். ஒருத்தி எடுத்தாள், இன்னொருத்தியின் மாமியார் எடுத்து, "அவளுக்கு ஒண்ணுமில்லையே, நல்லாத்தானே இருக்கா" என்றார். "நல்லா இருக்கும்போதே கூட்டிட்டு வாங்கம்மா" என்றேன்.